வரிச்சீட்டும் மனச்சான்றும்

"வீட்டு வரி கட்டாம விட்டா பாவங்களா, சாமி?"

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அன்பர் ஒருவர் நம்மிடம் இவ்வாறு வினவினார். குரலில் ஐயத்தைவிட எரிச்சலே மிகுந்திருந்தது. சாக்கடை தூர்வாரிப் பல மாதங்கள் ஆயின, தெருவிளக்கு எரிவதில்லை, பின் வரி எதற்கு என்பது அவர் வழக்கு. உடனே விடை கூற நமக்கு இயலவில்லை.

குருமடத்து நூலகத்தின் பழைய அறநெறி ஏடுகளில் ஒரு கருத்தைக் கண்டதுண்டு. சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுவதில்லை; மீறியவன் அகப்பட்டால் தண்டத்தை முணுமுணுக்காது ஏற்றால் போதும் என்பதே அது. வரிச் சட்டங்களை இவ்வகையில் சேர்த்த அறிஞர் பலர். மன்னர்கள் போருக்கும் ஆடம்பரத்துக்கும் வரி தண்டிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது எனலாம். ஆனால் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், நேர்மையான வரியை ஏய்ப்போரை வெளிப்படையாகவே கண்டித்துவிட்டது. ஆகவே 'பாவந்தான்' என்று ஒரே சொல்லில் கூறியிருக்கலாம். அது சரியே, ஆனால் போதாது.

பேரூராட்சியின் பெட்டிக்குள் வருவது என்ன? சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், மாநில வரி வருவாயில் ஒரு பங்கு, மத்திய நிதிக்குழு மானியம். தமிழகத்து நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் தனி அலுவலர் ஆட்சி. தேர்தல் நடவாததைக் காட்டி மத்திய மானியத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. சொத்துவரியோ, சென்னைக்கு வெளியே 2008-இல் திருத்தியது. 2018-இல் உயர்த்தி, 2019-இல் அவ்வுயர்வை நிறுத்திவைத்து, 2022 ஏப்ரலில் வீட்டின் அளவுக்கேற்ப 25 முதல் 100 விழுக்காடு வரை ஒரேயடியாகக் கூட்டினார்கள். அன்பரின் எரிச்சலில் பாதி இங்கே பிறந்தது.

இன்னொன்றும் உண்டு. நம் பகுதி இளைஞர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். அவர்களது தொழில்வரி, வேலை செய்யும் இடத்து உள்ளாட்சிக்கே சேரும். அதுவும் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டலாகாது என 1988-இல் அரசியலமைப்பில் வகுத்த வரம்புக்குள்தான். அவர்கள் வீட்டுக் குடிநீரும் குப்பையும் மட்டும் சொந்த ஊரின் பொறுப்பு.

அமராவதியின் பழைய ராஜவாய்க்கால்கள் எட்டில் கொமரலிங்கம் வாய்க்காலும் ஒன்று. நீர் குறைந்தால் என் செய்வதென்று அவ்வூர் உழவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. முறை வைத்துப் பாய்ச்சுவர். தலைமடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைக்காவிடில் கடைமடை காயும். வரவு குன்றிய பேரூராட்சியில் கடைமடை யார்? மின்கட்டணத்தைத் தள்ள முடியாது. நிரந்தர ஊழியர் ஊதியத்தையும் நெடுநாள் தள்ள முடியாது. எளிதில் தள்ளக்கூடியவை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் கூலியும், அவர் கைக்கு உறையும், ஏழைகள் தெருச் சாக்கடையுமே. 2013-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் மாநகரம் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு நொடிப்பு மனு அளித்தது. மறு ஆண்டு முடிவான திட்டத்தில் பொதுப் பணியாளர் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைந்தது. கடன் கொடுத்தோர் அதனினும் மிகுதியாக இழந்தனர் என்பது உண்மையே. ஆயினும் முதலீட்டாளரின் இழப்பும் முதியவர் ஒருவரின் ரொட்டிச் செலவும் ஒரே தராசில் நிற்குமோ?

ஆகவே அன்பரிடம், "முதலில் வரியைக் கட்டுங்கள், அந்தச் சீட்டோடு சாக்கடையைப் பற்றிக் கேட்கப் போவோம், நாமும் வருகிறோம்" என்றோம். நீங்கள் நிறுத்திய பணம் அலுவலகத்தைச் சுடாது, தெருக் கூட்டுபவரையே சுடும் என்றும் சொன்னோம். அவர் சற்று நின்று, "நம்ம கோயிலுக்கு எவ்வளவுங்க சாமி கட்டுறோம்?" என்றார்.

வழிபாட்டு இடங்களுக்குச் சட்டம் சொத்துவரி விலக்கு அளிக்கிறது. கோவில் வரி கட்டக் கடமையில்லை என்று பேதுருவுக்கு உணர்த்திய ஆண்டவர், மீனின் வாயில் கிடைக்கும் நாணயத்தை எடுத்து இருவருக்குமாகக் கட்டச் சொன்னார் என மத்தேயு எழுதுகிறார். இப்பகுதியை நாம் பலமுறை வாசித்து மறையுரை ஆற்றியிருக்கிறோம். திருவிழாவின் மறுநாள் விடியலில் நம் வாசலில் குவிந்த இலைகளையும் பட்டாசுத் தாள்களையும் வாரிச் சென்ற பெண்களுக்கு நாம் கொடுத்ததோ தேநீர் மட்டுமே.

அடுத்த பங்குப் பேரவையில், திருவிழாக் கணக்கில் தூய்மைச் செலவையும் ஓர் இனமாகச் சேர்க்கக் கேட்டோம். சேர்த்துக்கொண்டார்கள். அதற்காக வாணவேடிக்கைத் தொகையைக் குறைக்க இன்னும் எவரும் இசையவில்லை.