பார்க்காத வெங்காயம்

எதிர் ஃபிளாட் பெண் இந்த வருஷம் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் ஊரிலிருந்து விருந்தாளிகள். டேபிளில் இடம் இல்லை என்று எங்கள் வீட்டு டைனிங் டேபிளுக்கு வந்துவிட்டாள். கையில் இரண்டு ரெக்கார்டு நோட்டு. ஒன்று அவளுடையது, இன்னொன்று சீனியருடையது. ஹெச்.பி. பென்சில், ரப்பர், வட்டம் போட அம்மாவின் பழைய வளையல்.

வரைந்துகொண்டிருந்தது வெங்காய வேர்நுனி. ஒரு செல் இரண்டாகப் பிரியும் நான்கு கட்டங்கள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். ரொம்ப அழகாக வரைகிறாள். அனாஃபேஸில் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் இழுபடுவதைப் பார்த்தால், கூடைக்குள் கையை விட்டு இரண்டு பேர் முறுக்கை அள்ளுவதுபோல இருந்தது.

“இதெல்லாம் லேப்ல பார்த்தியாம்மா?”

“எங்க அங்கிள்... ஒரே சிவப்பா, மங்கலா இருந்தது. பின்னாடி லைன் நின்னுச்சு. மேடம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னாங்க. எழுந்து வந்துட்டேன்.”

“ஆனா மேலே ‘அப்சர்வேஷன்’னு தலைப்புப் போட்டிருக்கியே?”

பென்சிலை நிறுத்தாமல் சொன்னாள்: “தப்பா எதுவும் வரையலையே அங்கிள். எல்லாம் கரெக்டாத்தானே இருக்கு?”

அவள் வேலையைத் தொடர்ந்துவிட்டாள். நான்தான் மாட்டிக்கொண்டேன். எழுதியது அத்தனையும் உண்மை என்றால், அதில் பொய் எங்கே இருக்கிறது?

எனக்கும் இந்த வெங்காயத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. எழுபதுகளின் கடைசியில், தெற்கே ஒரு கல்லூரியில் நானும் இதே பாடத்தைப் படித்தேன். காலையில் வகுப்பு, மதியம் லேப். எங்கள் பேராசிரியர் கலர் சாக்பீஸில் போர்டு முழுக்கப் படம் வரைவார். மணி அடித்த பிறகும் அதை அழிக்க மனசு வராது. காலையில் போர்டில் அவ்வளவு தெளிவாக இருக்கும் உயிர், மதியம் லேபுக்குள் நுழைந்ததும் ஃபார்மலின் வாடையும் மங்கல் கண்ணாடியுமாக மாறிவிடும். (அப்போது தவளையும் அறுத்தோம். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. தவளைகள் பிழைத்தன. வெங்காயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.)

வெங்காயத்தைத் தண்ணீர் பாட்டில் வாயில் உட்கார்த்தி வைத்தால் மூன்று நாலு நாளில் வெள்ளை வெள்ளையாக வேர் விடும். நுனியை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் வெட்டி, அமிலத்தில் ஊறப்போட்டு மெதுவாக்கி, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்ட வேண்டும். பிறகு கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய மூடி போட்டு, பிளாட்டிங் பேப்பரை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அந்த அழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும், கூடினால் கண்ணாடி உடையும். நான் இரண்டையும் செய்தேன்.

எல்லாம் சரியாக வந்தாலும், வேர்நுனியில் பெரும்பாலான செல்கள் பிரியாமல் சும்மாதான் இருக்கும். பிரிகிற செல்லைத் தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். ஆறு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப் இருக்கும் இடத்தில் பொறுமைக்கு எங்கே போவது? நான் பார்த்தது என் சொந்தக் கண் இமை முடியை. ரெக்கார்டில் நான்கு கட்டங்களையும் வரைந்தேன். 20-க்கு 18 மார்க். கடைசிப் பக்கத்தில், ‘இது இந்த மாணவர் தாமே செய்தது’ என்ற சான்றிதழில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் லேபில் பட்ட பாட்டை 1933-ல் எழுதியிருக்கிறார். மைக்ராஸ்கோப்பில் அவருக்கு எதுவுமே தெரியாது. வாத்தியார் விதவிதமாகத் திருகிக் காட்டியும் பால்மாதிரி ஒரு மங்கல். கடைசியில் ஒரு நாள் புள்ளியும் பொட்டுமாக என்னவோ தெரிய, சந்தோஷமாக வரைந்துவிட்டார். வாத்தியார் வந்து பார்த்தார். பையன் வரைந்திருந்தது லென்ஸில் பிரதிபலித்த அவனுடைய சொந்தக் கண்ணை! தர்பருக்கு அந்தப் பாடம் தேறவே இல்லை. படிக்கிறபோதெல்லாம் சிரிப்பேன். ஆனால் யோசித்தால், அந்த லேபில் தான் பார்த்ததை வரைந்த ஆள் அவர். என் இமை முடியை நான் வரையவில்லையே!

சரி, பொய் எங்கே என்று பார்ப்போம். ஒரு கொலை. செய்தவன் நிஜமாகவே அவன்தான். ஊருக்கே தெரியும். ஆனால் நான் அப்போது வெளியூரில் இருந்தேன். கோர்ட்டில் கூண்டில் ஏறி, ‘நான் என் கண்ணால் பார்த்தேன்’ என்கிறேன். சொன்ன சேதி உண்மை. நான் பொய் சாட்சி. இரண்டும் ஒரே சமயத்தில் சரி. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம் என்பது உண்மை. ‘பார்த்தேன்’ என்ற ஒரு சொல்தான் பொய். சாட்சிக்கு உரிய மரியாதை சேதிக்காக இல்லை, அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

வள்ளுவரிடம் போனால் அவர் கொஞ்சம் இளகுகிறார். யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்பது அவர் கணக்கு. முதல் வருஷப் பெண் சீனியர் நோட்டைப் பார்த்து அனாஃபேஸ் வரைவதில் யாருக்கு என்ன தீங்கு? வெங்காயத்துக்குக்கூட இல்லை.

அவள் பக்கத்தில் இதைவிடப் பெரிய நியாயமும் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் மைக்ராஸ்கோப்பில் குனிகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முதன்முதலில் எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு இது புரியும். டாக்டர் விரலை வைத்து, ‘இதோ பாருங்க, விரிசல்’ என்பார். நமக்கு அது எலும்பு, புகை, அவ்வளவுதான். படத்தைப் பத்துத் தரம் புத்தகத்தில் பார்த்து, கையால் வரைந்து பழகிய பிறகுதான் அந்தச் சிவப்புக் குழம்பில் மெட்டாஃபேஸ் தானாக எழுந்து வரும். கண்ணுக்கும் வாத்தியார் வேண்டும். ஆக, காப்பி அடிப்பதில் பாதி, பார்க்கப் படிப்பதுதான்.

இங்கே நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் 48 என்ற எண் ஞாபகம் வந்தது.

மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால் 46 என்பான். 1923 முதல் 1956 வரை யாரைக் கேட்டாலும் 48 என்றிருப்பார்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் தியோஃபிலஸ் பெயின்ட்டர் எண்ணிச் சொன்னது. (அவர் எண்ணிய திசு, அந்த மாநில மனநோய் விடுதியில் விதைநீக்கம் செய்யப்பட்டவர்களுடையது. அதற்காகத் தனியே ஒரு வாரம் கோபப்பட வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.) 1921-ல் வெளியிட்ட முதல் குறிப்பில், மிகத் தெளிவாகத் தெரிந்த செல்களில் 46 தான் இருக்கிறது என்று எழுதினார். பிறகு சந்தேகம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதை எண்ணுவது நூல்கண்டில் நுனி தேடுகிற வேலை. 1923-ல் 48 என்று முடிவுகட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்தார், எண்ணினார், தப்பாக எண்ணினார். யாருக்கும் நடக்கும்.

விசித்திரம் அதற்கப்புறம்தான். அடுத்த முப்பது வருஷம் உலகத்தில் பல பேர் எண்ணினார்கள். எல்லோருக்கும் 48 வந்தது! 1952-ல் அதே டெக்ஸாஸில் டி.சி. ஷு என்ற விஞ்ஞானிக்கு ஓர் அதிர்ஷ்டம். உப்புக் கரைசல் கைத்தவறுதலாக நீர்த்துப்போக, செல்கள் உப்பி, குரோமோசோம்கள் கோலப்புள்ளி மாதிரி தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. இனிமேல் குழந்தைகூட எண்ணலாம். அவரும் 48 என்றே எழுதினார். கோட்டைவிட்ட அந்தக் கதையைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

1955 டிசம்பரில், ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில், ஜோ ஹின் ஜியோ என்பவர் நடுராத்திரியில் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். ஜாவாவில் பிறந்த சீனர். யுத்தத்தின்போது ஜப்பானியர்களின் சிறையில் கிடந்தவர். கருவின் நுரையீரல் செல்களை எண்ணினார். 46. இன்னொன்று, 46. ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து அடுத்த வருஷம் கட்டுரை வெளியிட்டார். இருநூறு செல்களுக்கு மேல் எண்ணியும், மனிதனுக்கு 46 தான் என்று அடித்துச் சொல்லவில்லை. அப்படிப் பொதுவாக்க விரும்பவில்லை, ஆனால் நாங்கள் பார்த்ததற்கு அதுதான் இயல்பான விளக்கமாகத் தெரிகிறது என்கிற தொனியில் முடித்தார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு சின்னத் தகவல் வருகிறது. என்னைத் தூங்கவிடாதது அதுதான். சில மாதங்களுக்கு முன்பே ஸ்வீடனில் வேறு மூன்று பேர் கருவின் ஈரல் செல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப 46 தான் வந்தது. மீதி இரண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று ஆராய்ச்சியையே தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள்!

அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ரெக்கார்டில் பொய்யும் எழுதவில்லை. நோட்டை மூடிவைத்தார்கள், அவ்வளவுதான். புத்தகத்துக்கும் கண்ணுக்கும் தகராறு வந்தால் தப்பு கண்ணுடையதாகத்தான் இருக்கும் என்ற பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? என் ஊகம், முதல் வருஷ லேபிலிருந்து. தெரியாததைத் தெரிந்ததாக வரைந்து, அதற்கு 18 மார்க் வாங்கி, அடுத்த வாரமும் அப்படியே செய்து, மூன்று வருஷத்தில் கண்ணை நம்பாமல் இருக்க ஒருவரைப் பழக்கிவிடலாம். மெண்டலுடைய பட்டாணிக் கணக்கே ஏட்டுக் கணக்கோடு அளவுக்கு மீறிப் பொருந்துகிறது என்று 1936-ல் ரொனால்ட் ஃபிஷர் சந்தேகம் கிளப்பினார். என்ன வரவேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்த ஓர் உதவியாளரின் வேலையாக இருக்கலாம் என்பது அவர் யூகம். இன்றுவரை அந்த வழக்கு முடியவில்லை. நிஜமோ இல்லையோ, அந்த உதவியாளரை எனக்குத் தெரியும். எல்லா லேபிலும் நாலு பேர் இருப்பார்கள்.

தீங்கு எங்கே என்று வள்ளுவர் கேட்டாரே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. 1959-ல் பாரிஸில் மார்த்தே கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் துர்ப்பன் மூவரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 47 குரோமோசோம் இருப்பதை வெளியிட்டார்கள். ஒன்று கூடுதல், அதுதான் காரணம். 48 என்று நம்பிக்கொண்டிருந்த உலகத்தில் 47 என்பது கூடுதலாகவா தெரியும்? ஒன்று குறைகிறதே என்று தேடியிருப்பார்கள்.

மேடம்களைத் திட்ட மாட்டேன். ஐம்பது பெண்கள், இரண்டு மணி நேரம், லென்ஸில் பூஞ்சை பிடித்த நாலு மைக்ராஸ்கோப். பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினருக்கு அத்தனை ரெக்கார்டும் ஒரேமாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதற்கு இரண்டு மார்க் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. எக்ஸாமினர் சங்கடப்படுவார். படட்டும்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஃபில்டர் காபி ஆறிப்போனது. கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தக் காலத்துப் பரீட்சையில 48-னு எழுதினவங்களுக்கு மார்க் போட்டிருப்பாங்கல்ல?”

“போட்டிருப்பாங்க.”

“46-னு எழுதியிருந்தா?”

“முட்டைதான்.”

சிரித்தாள். “அப்ப நான் இப்ப என்ன பண்ணட்டும்?”

18 மார்க் வாங்கியவன் நான். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவள் நான்கு கட்டங்களையும் வரைந்து முடித்தாள். ஒன்றையும் விடவில்லை, நாளைக்கு சப்மிட் பண்ண வேண்டுமாம். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வளையலை வைத்து இன்னொரு வட்டம் போட்டாள். உள்ளே சிவப்புப் பென்சிலால் லேசாகத் தேய்த்தாள். செங்கல் அடுக்கின மாதிரி மங்கலாகச் சில கட்டங்கள். ஒரு கட்டத்தின் நடுவில் மட்டும் கறுப்பாக, சுருண்ட நூல் மாதிரி என்னவோ. கொஞ்ச நேரம் யோசித்து, அந்த நூலைப் பாதி அழித்தாள்.

“இது என்னம்மா?”

“தெரியல அங்கிள். இது மட்டும்தான் தெரிஞ்சது.”

கீழே தேதி மட்டும் போட்டாள். பெயர் எழுதவில்லை.