ஆண்டவர் மௌனமாயிருக்கும்போது



"சுவாமி, நான் செபமாலை சொல்லாத நாளில்லை. என் நிலத்தைப் பறித்துக்கொண்டவன் வீட்டில் கலியாண மேளம் கொட்டுகிறது. என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சர்வேசுரன் இதைப் பார்க்கிறாரா?" இத்தகைய கேள்வியைச் செவிமடுக்காத குருவானவர் இல்லை. ஆண்டுக்கணக்காய்க் கோர்ட்டு வாசலில் அலைகிற ஏழை, குற்றமின்றிச் சிறைப்பட்ட மகனின் தாய், உழைத்த கூலிக்காகப் பிறர் திண்ணையில் காத்துக் கிடக்கிறவன் ஆகிய இவர்கள் நெஞ்சில் எல்லாம் இக்கேள்வி உண்டு. வாய் திறந்து கேட்டால் பாவமாகுமோ என்று அஞ்சி அநேகர் அதை உள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். ஆகையால் இந்த ஞாயிறு அதைப்பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலாவது, இது அவிசுவாசியின் கேள்வியன்று. நியாயம் புரண்டு, துன்மார்க்கர் நீதிமான்களை நெருக்குவதைக் கண்ட அபாக்கூக் தீர்க்கதரிசி, தம் கூக்குரல் ஏன் கேட்கப்படவில்லை என்று ஆண்டவருடைய சந்நிதியிலேயே முறையிட்டார். முறையிட்டபின் போய்விடவில்லை, காவற்காரனைப்போல் மறுமொழிக்காகக் காத்து நின்றார். நீதிமானாகிய யோப் மக்களையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தார். சிநேகிதர் வந்து, நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று சர்வேசுரனுக்காக வக்கீல் பேசினார்கள். யோப் சர்வேசுரனோடேயே வழக்காடினார். கடைசியில் ஆண்டவர் கோபித்தது யார்மேல்? அந்தச் சிநேகிதர்மேல்! யோப்தான் தம்மைக் குறித்துச் சரியாய்ப் பேசினார் என்றார்.

இதன் காரணம் என்ன? முறையிடுகிறவன் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. அடிபட்ட பிள்ளை தன் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் அழும். தெருவிலே போகிறவளின் முந்தானையைப் பிடித்து அழாது.

ஆகவே துன்பப்படுகிறவன் வீட்டுக்குப் போய், "எல்லாம் தேவசித்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். மனிதன் செய்த அநீதியைச் சர்வேசுரன் தலையில் ஏற்றுவது ஆறுதலாகாது. அவர் அநீதியை அனுமதிக்கிறார். ஒருக்காலும் அதை விரும்புகிறதில்லை.

வியட்நாம் நாட்டு மேற்றிராணியார் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் அவர்களுடைய சரித்திரத்தைக் கேளுங்கள். நாட்ராங் மேற்றிராசனத்தை எட்டு ஆண்டு பரிபாலித்த அவரை, 1975-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ந் தேதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் சைகோன் நகருக்குத் துணை அதிமேற்றிராணியாராக நியமித்தார். ஒரு வாரத்துக்குள் அந்நகரம் கம்யூனிஸ்டு படைகளின் கையில் விழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15, தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று அவரைக் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 47. விசாரணையில்லை, தீர்ப்பில்லை. 13 ஆண்டு காவலில் இருந்தார். அதில் 9 ஆண்டு தனிச்சிறை. ஜன்னலற்ற அறையில் ஈரத்தால் அவருடைய படுக்கையில் காளான் முளைத்தது. சுவரடியில் தண்ணீர் வடியும் துவாரத்தருகே முகத்தை வைத்து அவர் மூச்சு வாங்கினார்.

அதிலும் அவரை அதிகமாய் வாட்டியது வேறொன்று. உடலில் பலமும் உள்ளத்தில் ஊக்கமும் உள்ள வயதில் மந்தையை விட்டுப் பிரிக்கப்பட்டேனே, தொடங்கின வேலைகளெல்லாம் பாழாகின்றனவே என்று தூக்கமின்றித் தவித்தார். ஓர் இரவு அவர் உள்ளத்தின் ஆழத்தில் ஒரு தெளிவு உண்டாயிற்று. அவர் இழந்தவை சர்வேசுரனுடைய வேலைகளேயன்றிச் சர்வேசுரனல்ல. வேலைகளை அவர் எடுத்துக்கொண்டால் வேறொருவரைக்கொண்டு நடத்துவார். நீ அவரையே தெரிந்துகொள் என்பதே அது.

சிறைக்கதவு மறுநாள் திறந்துவிடவில்லை, பிரியமானவர்களே! ஆனாலும் மனிதர் மாறினார். விசுவாசிகள் வயிற்று நோய்க்கு மருந்து என்று எழுதி அனுப்பிய சிறிது திராட்சை ரசத்தில் மூன்று துளியும், தண்ணீரில் ஒரு துளியும் உள்ளங்கையில் ஏந்தித் திவ்விய பலிபூசை நிறைவேற்றினார். தம்மைக் காவல் காத்தவர்களைச் சிநேகித்தார். அவர்களுக்கு அந்நிய பாஷைகள் கற்பித்தார். அவர்களுடைய உதவியாலேயே மரத்துண்டில் ஒரு சிலுவையும், மின்சாரக் கம்பியில் அதற்குச் சங்கிலியும் செய்துகொண்டார். 1988-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, தேவமாதா கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாளன்று, விடுதலையானார். 2001-ல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002-ல் மரித்தார். 2017-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

கல்வாரி மலையிலும் பரமபிதா மௌனமாகவே இருந்தார். தாம் கைவிடப்பட்டது ஏன் என்று திருச்சுதனே கூவிக் கேட்டார். அந்தக் கேள்வியையும் செபமாகவே கேட்டார். பெரிய வெள்ளியன்று மறுமொழி வரவில்லை. ஞாயிறு விடியற்காலையில் கல்லறை திறந்தபோது வந்தது. நடுவில் ஒரு சனிக்கிழமை கடந்தது. அன்று வெளிப்படையாக ஒன்றும் நடக்கவில்லை. நம்மில் அநேகர் வாழ்வது அந்தச் சனிக்கிழமையில்தான். அன்றைக்குத் தேவமாதா விசுவாசத்தை விடவில்லை, நாமும் விடலாகாது.

விசுவாசத்தை விடாதிருப்பதென்றால் கைகட்டிச் சும்மாயிருப்பதென்று எண்ணாதீர்கள். நமதாண்டவர் சொன்ன உவமையிலே, அந்த ஏழைக் கைம்பெண் அநீதியுள்ள நடுவனிடம் ஓயாமல் போய்த் தன் நியாயத்தைக் கேட்டாள். நீங்களும் கேளுங்கள். மனுக் கொடுங்கள், வழக்கை நடத்துங்கள், கூடிப் பேசுங்கள். அரிவாளையும் பொய்ச்சாட்சியையும் மாத்திரம் தொடாதீர்கள். உங்கள் வேதனையை உங்கள் சொந்த வார்த்தைகளில் நற்கருணைப் பேழைக்கு முன்பாகக் கொட்டுங்கள். பூசையை விட்டுவிடாதீர்கள், கோபமாயிருந்தால் கோபத்தோடேயே வாருங்கள்.

துன்பமின்றி இருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டான் வரப்பைத் தள்ளிப் போட்டதைக் கண்ணால் கண்டவன், சாட்சி சொல்ல அழைத்தால் ஊருக்குப் போய்விடுகிறான். வேலைக்காரியின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டவன் பக்கத்தில் நாம் சிரித்தபடி பந்தியில் உட்காருகிறோம். பிறகு, சர்வேசுரன் ஏன் பேசவில்லை என்கிறோம். அவர் பேசும்படி நமக்குக் கொடுத்த நாவை நாமல்லவோ கட்டி வைத்திருக்கிறோம்! இந்த வாரம் உங்கள் தெருவில் நியாயமிழந்த ஒருவரோடு, ஒரு முறையாகிலும், துணைக்குப் போய் நில்லுங்கள். அவருடைய செபத்துக்கு ஆண்டவர் அனுப்பும் மறுமொழி நீங்களாகவே இருக்கலாம்.

வியாகுல மாதா உங்கள் ஒவ்வொருவருக்காகவும் மன்றாடுவாளாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு