சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு விட்ட செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வழக்கமான கணக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த மந்தைக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. எந்த ஆடு சாகாமல் இருக்கும், எந்த ஆடு மூப்படையாமல் இருக்கும்? செத்ததன் இடத்தில் குட்டி வளர்ந்து நிற்கும். எண்ணிக்கை குறையக் கூடாது. நெய் செலவாகலாம், மந்தை செலவாகக் கூடாது. சந்திர சூரியர் உள்ளவரை இதுவே ஏற்பாடு. இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும்போது வருங்காலத்தவர் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுத்துவிடக் கூடாது என்று 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் நீடித்த வளர்ச்சிக்குத் தந்த வரையறை, இந்த இடையர் ஒப்பந்தத்துக்கு வெகு அருகில் வருகிறது. ஆனால் கல்வெட்டில் இருக்கும் ஒன்று அந்த வரையறையில் இல்லை. மந்தையைக் காப்பது எந்த விளக்குக்காக என்று கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது.

விளக்கைக் குறிப்பிடாமல் விட்டால் அந்த இடத்தைக் கணக்கு வந்து நிரப்பிவிடும். பொருளியலர் ஜான் ஹார்ட்விக் 1977இல் ஒரு விதி வகுத்தார். தீர்ந்துபோகும் கனிமத்தை எடுத்து விற்கலாம். அந்த வருமானத்தை இயந்திரம், கட்டடம் போன்ற வேறு முதலாக மாற்றி வைத்தால் பின்வருவோரின் நுகர்வு குறையாது. மொத்த முதல் குன்றாமல் இருந்தால் சரி, அது எந்த வடிவில் இருந்தாலும் சரி. இதை ‘வலுக்குறைந்த நீடிப்பு’ என்பார்கள். பார்க்கச் சாதாரணக் கூட்டல் கழித்தல் போலத் தெரிந்தாலும் இதற்குள் பெரிய தத்துவ முடிவு ஒன்று ஒளிந்திருக்கிறது: உலகில் எதற்கும் ஈடாக வேறொன்றை வைத்துவிடலாம் என்ற முடிவு. ஒரு சதுப்புநிலத்தின் மதிப்பை ரூபாயில் எழுதித் திட்ட அறிக்கையில் சேர்க்கும் அலுவலர் தான் தத்துவம் பேசுவதாக நினைப்பதில்லை. பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த முடிவை ஒரு தேசமே சோதித்துப் பார்த்தது. பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு நவ்ரு. அதன் நடு மேட்டில் உயர்தரப் பாஸ்பேட் கிடந்தது. 1907இல் ஏற்றுமதி தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக வைத்த ஆணையம் அதை வெட்டியெடுத்துத் தம் வயல்களுக்கு மலிவாக உரமிட்டுக்கொண்டது. தீவு வெறுமையாகிக்கொண்டிருந்தபோது, குவீன்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள கர்ட்டிஸ் தீவில் குடியேறிக்கொள்ளுங்கள் என்று ஆஸ்திரேலியா முன்வந்தது. நவ்ரு மக்கள் 1964இல் அதை மறுத்தார்கள். ஆஸ்திரேலியர்களாகக் கரைந்துபோகாமல் தனி மக்களாக வாழ வேண்டும் என்பது அவர்கள் நிலை. கணக்குப்படி பார்த்தால் அது விவேகமற்ற மறுப்பு. இன்னும் பெரிய, இன்னும் பசுமையான தீவு கைக்கு வந்தது. 1968இல் விடுதலை, 1970இல் சுரங்கம் சொந்தக் கைக்கு. எழுபதுகளில் உலகிலேயே தலைக்கு அதிக வருமானம் பெற்ற நாடுகளில் நவ்ருவும் ஒன்று. ஹார்ட்விக் விதி கேட்டபடியே அறக்கட்டளை நிதி ஒன்றில் பணம் சேர்த்தார்கள். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுந்தது. 1993இல் லண்டனில் லியனார்டோ டா வின்சியைப் பற்றிய இசை நாடகம் ஒன்றுக்குக்கூட அந்தப் பணம் போய்ச் சீக்கிரமே நஷ்டமானது. (பாஸ்பேட்டை டா வின்சியாக மாற்றலாம் என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் வேண்டாம்.) இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கனிமமும் ஏறக்குறைய தீர்ந்தது, நிதியும் கரைந்தது, மெல்போர்ன் கட்டடமும் 2004இல் கைமாறியது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலத்தில் சுண்ணாம்புப் பாறை முனைகள் மட்டுமே மிஞ்சின.

கொள்கையில் தவறில்லை, நிர்வாகம்தான் சரியில்லை என்று இதற்குப் பதில் சொல்வார்கள். நார்வே எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைத்து வெற்றி கண்டதே என்பார்கள். நிர்வாகம் கெட்டது உண்மை. ஆனால் நவ்ருவின் நிதி ஒரு காசு குறையாமல் இருந்திருந்தாலும், நடுமேடு இல்லாத ஒரு தீவின் கரையில் பணக்காரர்களாக உட்கார்ந்திருப்பதுதான் அந்த மக்களுக்குக் கிடைத்திருக்கும். நார்வேயின் எண்ணெய் கடலுக்கு அடியில் இருந்தது. அதன்மேல் யாருடைய வீடும் தாழை மரமும் இல்லை. அதாவது அங்கே விற்கப்பட்டது நெய். இங்கே, கல்லை எடுக்கும்போது அதன் மேலிருந்த நிலமும் சேர்ந்து போனது, அது விளக்கு. 1964இல் அந்த மக்கள் மறுத்ததும் இந்த வேறுபாட்டை அறிந்துதான்.

இன்றைய ஏழைக்கு வயிறு காயும்போது பிறக்காதவருக்காகக் கவலைப்படுவது பணக்காரர் பேச்சு என்பது இன்னொரு வாதம், முந்தையதைவிடக் கனமானது. புருண்ட்லாண்ட் அறிக்கையே ஏழைகளின் தேவைக்கு முதலிடம் தருகிறது. ஆனாலும் நவ்ருவில் முதல் அறுபது ஆண்டுகள் யார் உண்டார்கள் என்று கேட்க வேண்டும். லாபத்தின் பெரும்பங்கு தூர தேசத்து வயல்களுக்குப் போனது. 1989இல் நவ்ரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குத் தொடுத்ததும், 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டில் அது சமரசமானதும் அந்தக் காலத்துச் சுரங்கத்தைப் பற்றித்தான். ஏழையின் பெயரைச் சொல்லி மந்தையை அறுப்பவர்கள் பெரும்பாலும் ஏழையின் வாசலில் அறுப்பதில்லை.

தத்துவவாதிகளிடம் வேறொரு சிக்கல் இருக்கிறது. டெரக் பார்ஃபிட் 1984இல் எழுப்பியது அது. நாம் வேறு கொள்கையைத் தேர்ந்திருந்தால் வேறு திருமணங்கள் நடந்து வேறு குழந்தைகள் பிறந்திருப்பார்கள்; அப்படியானால் சுரங்கக் காலத்து நவ்ருவில் பிறந்தவர் எதைச் சொல்லித் தனக்குத் தீங்கு நேர்ந்தது என்பார்? சுரங்கம் இல்லையென்றால் அவரே இல்லையே. கடமை ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாகப் பட்டது என்று கொண்டால் இது அவிழாத முடிச்சுதான். விளக்குக்கு ஆடு விட்டவருக்கோ அந்தச் சிக்கல் இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்து அந்த ஒளியில் யார் நிற்பார் என்று அவர் கேட்கவில்லை. அவர் கடன்பட்டது விளக்குக்கு. கோயில் தெய்வத்தை என்றும் வயது வராத குழந்தையாகப் பாவித்து, அதன் சொத்தை அறங்காவலர் தம் விருப்பப்படி விற்க முடியாது என்று சொல்லும் நம் சட்ட மரபிலும் இதே எண்ணம் இருக்கிறது.

அப்படியானால் ஆளாளுக்கு ஒன்றை விளக்கு என்று சொல்லிப் பேச்சையே நிறுத்திவிட மாட்டார்களா? நிறுத்துவார்கள், புனிதம் என்ற சொல்லுக்கு அந்தக் குணம் உண்டு. அதனால் ஓர் உரைகல் வேண்டும். நம் முடிவு தவறென்று பின்னால் வருபவர்கள் கண்டால், அவர்களால் அதைத் திருப்ப முடியுமா? திருப்ப முடிந்தால் ஆட்டுக்குப் பதில் ஆடு, வேண்டுமானால் பொன், கணக்குப் போடுவோம். சோழரும் விளக்குக்குப் பொன் வைத்து வட்டியில் எரித்ததுண்டு, அதில் குற்றமில்லை. திருப்பவே முடியாதது என்றால், செலவுப் பட்டியலில் ஒரு வரியாக அதை எழுதுவது போதாது. அங்கே நாம் எடுத்துக்கொள்வது அவர்களுடைய பொருளோடு அவர்களுடைய தீர்மானத்தையும்.

நவ்ரு இப்போது அதே கேள்வியின் முன் மறுபடி நிற்கிறது. பசிபிக்கின் ஆழ்கடல் தரையில் கோபால்ட்டும் நிக்கலும் உள்ள உலோக உருண்டைகளை அள்ளும் திட்டத்துக்கு அது ஆதரவு நாடு. 2021இல், இரண்டு ஆண்டுகளுக்குள் சுரங்க விதிகளை முடிக்கும்படி சர்வதேசக் கடலடி ஆணையத்தை நெருக்கியதும் அதுவே. அந்த உருண்டைகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்பவை. பெரு நாட்டுக்கு அப்பால் கடல் தரையை 1989இல் ஆய்வுக்காக உழுதார்கள். 2015இல் போய்ப் பார்த்தபோது கலப்பைத் தடம் அப்படியே இருந்தது. வெறும் பாறையாகிவிட்ட தீவில் வாழ்பவர்களைப் பார்த்து ‘அள்ளாதே’ என்று சொல்லும் தகுதி, அந்தப் பாஸ்பேட்டைத் தம் வயல்களில் கொட்டிய நாடுகளுக்குக் கடைசியாகத்தான் உண்டு.