தண்ணீர்ப் பந்தலில் ஐசி கேட்பதில்லை

அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் கோயில் திருவிழா என்றால் தண்ணீர்ப் பந்தல் இல்லாமல் இருக்காது. மோர் ஊற்றும் தம்பி, வருகிறவர் எந்தத் தோட்டம், என்ன வேலை என்று விசாரிப்பதில்லை. நீட்டிய டம்ளரில் ஊற்றுகிறான். அந்த வரிசையில் ஒரு திருடனும் நிற்கலாம்தான். அதற்காகப் பந்தலைப் பிரித்துப் போடுகிறோமா?

இணையத்திலும் இப்படிப் பந்தல் போடுகிறவர்கள் உண்டு. 'டோர்' என்ற வலையமைப்பை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். நாம் கேட்பது மூன்று கணினிகளைத் தாண்டிப் போகும். முதல் கணினிக்கு அனுப்பியவர் தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. டோரையே தடுத்த நாடுகளில் இருப்பவர்களுக்காக 'ஸ்னோஃபிளேக்' வந்தது. உங்கள் உலாவியில் அதைச் சேர்த்துவிட்டால், முகம் தெரியாத ஒருவர் உள்ளே நுழைய உங்கள் கணினி வாசற்படி ஆகிறது. யார் அவர், என்ன படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"நம்மகிட்ட மறைக்க என்னங்க இருக்கு?" என்று கேட்பவர்கள் லயத்து வீட்டை நினைத்துப் பார்க்கட்டும். ஒரு வீட்டில் பேசுவது மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். எழுத்து தெரியாத பாட்டிகளுக்கு ஊர்க் கடுதாசியை வேறொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். படித்தவர் வெளியே வாய் திறக்காமல் இருந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு மானம். அவர்கள் மறைத்தது குற்றம் எதுவும் இல்லை, வீட்டு விஷயம்.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரில் பரவிய வேலைநிறுத்தத்தில் நம் மக்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பளம் மட்டும் இல்லை. பேசவும் கூட்டம் கூடவும் உரிமை கேட்டார்கள். உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்றார்கள். துரைமார் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். யார் உள்ளே வரலாம், என்ன பேசலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்யும் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கேட் இப்போது இணையத்தில் இருக்கிறது. 2007-இல் இலங்கையில் தமிழ்நெட் முடக்கப்பட்டது. இங்கே 2015-இல், 1எம்டிபி பற்றி எழுதிய சரவாக் ரிப்போர்ட் முடக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில், அதன் கட்டுரையை நீக்க மறுத்த மீடியம் தளத்துக்கும் அதே கதி. 2018-இல் ஆட்சி மாறிய பிறகுதான் சரவாக் ரிப்போர்ட் திறந்தது. அந்த மூன்று வருடமும் அதைப் படிக்கச் சுற்றுவழி தேடியவர்கள் எல்லாம் கெட்டவர்களா?

எதிர்க்கேள்வியும் லேசானதில்லை. 2024 செப்டம்பரில், கூகள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளி முகவரிச் சேவைகளைக் கேட்பவர்களையும் உள்ளூர் நிறுவனத்தின் சேவைக்கே திருப்பிவிடும்படி எம்சிஎம்சி உத்தரவிட்டது. சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்தப்பட்டது. ஆனால் போனில் சூதாடிச் சம்பளத்தைத் தொலைத்து ஆலோங்கிடம் போன பையன்கள் நம் பக்கமும் உண்டு. அவர்கள் அம்மாவிடம் போய் இணையச் சுதந்திரம் பேசினால் துடைப்பம்தான் வரும், அது நியாயமும்கூட.

என் எண்ணம் இதுதான். சூதாட்டத் தளத்தைத் தடுக்கட்டும். எதைத் தடுத்தோம், எந்தச் சட்டப்படி என்று பட்டியலை வெளியே வைத்துத் தடுக்கட்டும். வள்ளுவரே ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர், அரசுக்குக் கண் தேவைதான். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று மக்களும் பார்க்க வேண்டாமா?

அதைத்தான் 'ஓனி' செய்கிறது. 2012-இல் டோர் திட்டத்திலிருந்து பிறந்தது. அதன் செயலி உங்கள் போனிலிருந்து எந்தத் தளம் திறக்கிறது, எது தடுக்கப்படுகிறது என்று சோதித்து, முடிவை எல்லாரும் பார்க்க வெளியிடும். நம் நாட்டில் சினார் புராஜெக்ட் அந்த அளவீடுகளை வைத்து வேலை செய்கிறது. பந்தல் போட விரும்புகிறவர்கள் இங்கேயோ ஸ்னோஃபிளேக்கிலோ தொடங்கலாம். டோரின் கடைசிக் கணினியை மட்டும் வீட்டில் நடத்த வேண்டாம். அதன் வழியாக எவனாவது தப்பு செய்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு. ஓனி செயலி ஆரம்பத்தில் காட்டும் எச்சரிக்கையைத் தள்ளிவிடாமல் படியுங்கள். வீட்டு இணையம் அப்பா பெயரில் இருந்தால், அவரிடம் விளக்கிச் சொல்லி, சரி என்ற பிறகே ஓட்டுங்கள்.