கையெழுத்து

2016 ஜனவரியில் விளையாட்டுத் துறைக்கான சர்வதேச நடுவர் மன்றம், மெல்போர்னின் எஸ்ஸெண்டன் கால்பந்துக் கிளப்புக்கு 2012இல் ஆடிய 34 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. கிளப் ஏற்பாட்டில் போடப்பட்ட ஊசிகளில் தடைசெய்யப்பட்ட தைமோசின் பீட்டா-4 இருந்தது என்பது அதன் முடிவு. கிளப் சொன்னதை நம்பினோம் என்பது ஆட்டக்காரர்களின் வாதம்.

எனக்கு மருந்தைவிட முக்கியமாகப் படுவது ஒரு தாள். ஊசிக்குச் சம்மதித்து அவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நம்பிக்கை முழுமையானதென்றால் கையெழுத்து எதற்கு? சந்தேகம் இருந்ததென்றால், ஊக்கமருந்துப் பரிசோதனைப் படிவங்களில் இந்த ஊசியை ஒருவர்கூடக் குறிப்பிடாதது ஏன்? கிளப் என்பது 'நாம்' என்ற சொல்லால் ஆனது. அதற்குள் கேள்வி கேட்பவன் அந்நியனாகிறான். கேளாமை விசுவாசம் என்று பெயர் பெறுகிறது.

2013இலேயே கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம்; பயிற்சியாளர் ஜேம்ஸ் ஹெர்டுக்கு 12 மாத விலக்கம். ஆனால் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 2016 சீசன் முழுவதையும் இழந்தார்கள். ஜோப் வாட்சன் 2012இன் பிரவுன்லோ பதக்கத்தையும் இழந்தார்.

முடிவெடுத்தது 'நாம்'. ஊசி ஏறியது தனித்தனி உடல்களில். தண்டனையின் அளவு பற்றி எனக்குத் தயக்கமுண்டு. தன் உடலில் என்ன ஏறுகிறது என்று கேட்கும் பொறுப்பை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதில் இல்லை.