பெயர் அறியா மரம்

விறகுக்காக மரம் தறிப்பது பாவமா என்று கேட்போர் உளர். வீட்டு அடுப்புக்கும் விறகு வேண்டும், ஆலய அன்னதானத்துக்கும் வேண்டும். ஆதலால் அதை முற்றாக விலக்கிவிட முடியாது. பெயர் தெரியாத மரத்திற் கோடாலி வைக்கலாமா என்பதே சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

களப்போரங்களிற் கண்டல்களோடு வளரும் தில்லை மரம் இதற்குத் தக்க உதாரணம். சிதம்பரத்தின் தலவிருட்சம் இதுவே. கூத்தப்பெருமான் ஆடும் தலத்துக்குத் தில்லை என்ற திருநாமம் வந்ததும் இம்மரத்தினாலேயாம். எனினும் இதன் கொப்பை முறித்தால் வெண்பால் வடியும். அது தோலிற் பட்டால் கொப்புளிக்கும். கண்ணிற் பட்டால் பார்வையை மறைக்கும். விறகாக எரித்தாலோ புகையும் கண்ணை வருத்தும். வெட்டினவனுக்கு மட்டுமா தீங்கு? அடுப்பை ஊதும் தாய்க்கும், அருகிலிருக்கும் பிள்ளைக்கும் அன்றோ! "தெரியாமற் செய்துவிட்டேன்" என்ற சொல் அவர்களின் கண்ணெரிவைத் தணிக்காது.

இன்னொன்று. கோடையில் மாவிலங்கு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். பட்ட மரமென்று தறித்துவிடுவார்கள். பட்டையை நகத்தாற் சற்றுச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். அரை நிமிட வேலை. (பலருக்கு அந்த அரை நிமிடந்தான் கிடைப்பதில்லை.)

எல்லா மரங்களையும் எல்லாரும் அறிந்திருக்க முடியாது. ஆனால் கேட்க ஆளிருந்தும் கேளாமல் வெட்டியவன், அறியாமையைச் சாட்டித் தப்ப இயலாது. காட்டோரம் மாடு மேய்த்த முதியவர்களும் பரியாரிமாரும் இலையையும் பட்டையையும் கண்டே பெயர் சொல்லுவார்கள். அவர்களும் ஊருக்கு ஊர் குறைந்து வருகின்றார்கள்.