சாரீரமும் சாதகமும்

பிறவியில் வாய்த்த குரலின் இயல்பை ஒரு பாடகன் தன் முயற்சியால் மாற்றிக்கொள்ள இயலுமா என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் சங்கீத வித்துவான்களின் தொழில் விவகாரம்போலத் தோன்றினும், ஊழுக்கும் முயற்சிக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கின் ஒரு கிளையே ஆகும். 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னரின் ஆதரவில் 'சங்கீத ரத்னாகரம்' இயற்றிய சார்ங்கதேவர், அப்பியாசம் இன்றியே ராகத்தின் ரூபத்தைக் காட்டவல்ல சக்தியைச் சாரீரம் என வகுத்து, அது உடலோடு கூடப் பிறப்பது என்று தீர்த்துரைத்தார். ஆயினும் அங்கேயே, நல்ல சாரீரம் வித்தியாதானத்தாலும் தவத்தாலும் பார்வதிபதியின்பால் கொண்ட பக்தியாலும் கிட்டும் என்றும் சொல்லிவைத்தார். அந்தத் தவம் இப்பிறவியில் செய்ததா, முற்பிறவியில் செய்ததா என்பதை அவ்விடத்தில் அவர் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

உடற்கூற்று நூலும் இரு தரப்பாருக்கும் பாதிப் பாதியாகவே பங்கிடுகிறது. குரல்வளைக்குள் அதிரும் இரு நாண்களின் நீளமும் தடிப்பும், தொண்டையும் முகத்து எலும்புகளும் அமைந்த விதமும் பிராரப்தம்போல வந்து சேர்ந்தவை. நாவின் நிலை, வாய் திறக்கும் பாங்கு, மூச்சை விடும் அளவு ஆகியவையோ சாதகத்துக்கு வசப்படுபவை. ஆகையால், விடியுமுன் எழுந்து மந்திர ஸ்தாயியில் அகார சாதகம் செய்பவனுக்குக் கார்வையும் பிருகாவும் கைகூடலாம்; ஆனால், திரைக்குப் பின்னிருந்து பாடினும் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் அந்தத் தனி நாதம் அவனை விட்டுப் போவதில்லை.

செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இளமையில் குரல் உடைந்து கரகரத்துப்போயிற்று. வேறொருவராயின் வித்தையையே கைவிட்டிருப்பார்; அவரோ அசுர சாதகத்தால் அக்குரலைத் தம் கற்பனைக்குப் பணியவைத்து, 1947-இல், 39-ஆம் வயதில், சங்கீத கலாநிதி ஆனார். கரகரப்பும் மூக்கொலியும் அவரை விட்டு அகலவில்லை. அவற்றோடேயே கரஹரப்பிரியா பெருகிற்று.

எம். டி. ராமநாதனோ எதிர்த் திசையில் நடந்தவர். ஒரு கட்டைக்கும் தாழ்ந்த சுருதி, அவசரம் அறியாத காலப்பிரமாணம், அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த நாதம்: இவற்றைக் கேலி செய்தோர் உண்டு. குரு டைகர் வரதாச்சாரியார்பால் கொண்ட பக்தியால் 'வரததாஸ' என்பதையே முத்திரையாகக் கொண்ட அவர், சபையின் ருசிக்காகத் தம் சுருதியை ஏற்றிக்கொள்ளவில்லை. கீதை சொல்லும் ஸ்வதர்மம் குரலுக்கும் உண்டென்றால், அதற்கு இவரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சங்கீதம் கற்பிப்போர் சிறிது சிந்திக்க வேண்டும். தம் சௌகரியத்துக்கு வைத்த சுருதிப் பெட்டியில், கழுத்து நரம்பு புடைக்க மேல் ஸட்ஜத்தை எட்ட முயலும் குழந்தையை, பிரபலமான ஒருவரின் குரலில் பாடச் சொல்லி வதைப்பது பாவம். முதல் ஸரளி வரிசைக்கு முன்னரே, அக்குழந்தைக்கு இயல்பான ஆதார ஸட்ஜம் எதுவென்று கேட்டறிந்து, அங்கே சுருதியை வையுங்கள்.